தச்சனாக வந்த தூதர்

(சிவகாசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகத் திருத்திச் சுருக்கியது.)



அழைப்பிதழில் ‘புனித தோமாவின் வாழ்வும் மரபும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் சென்னையில் பேசினால் முதல் கேள்வியே, “அவர் வந்தாரா, வரவில்லையா?” என்பதாகத்தான் இருக்கும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதைச் சுற்றியே இரண்டு கட்சியாக நிற்கிறோம். ஒரு கட்சி மயிலாப்பூர்க் கல்லறையைக் காட்டும். இன்னொரு கட்சி சமகாலச் சான்று எங்கே என்று கேட்கும். முதல் நூற்றாண்டில் தோமா தமிழ்நாட்டுக்கு வந்தார் என்று மெய்ப்பிக்கும் சமகால ஆவணம் கிடையாது. வந்திருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்லவும் ஆதாரம் கிடையாது. அந்த வழக்கில் இதற்கு மேல் இன்று நேரம் செலவிடப் போவதில்லை.

என் கேள்வி வேறு. அவரைத் தங்களவர் என்று உரிமை கொண்டாடியவர்கள் அவரை எப்படிப்பட்ட ஆளாக நினைவில் வைத்தார்கள்? பேதுரு மீனவர், அழைப்பு வந்ததும் வலையைப் போட்டுவிட்டுப் போனார். மத்தேயு சுங்கத்துறையை விட்டு எழுந்து போனார். தோமாவின் கதை இதற்குத் தலைகீழ். அவர் என்ன தொழில் செய்தார் என்று நற்செய்தி நூல்கள் சொல்வதில்லை. யோவான் நூலின் கடைசி அதிகாரத்தில் மீன்பிடிக்கப் போனவர்களோடு அவரும் படகேறுகிறார்; அதை வைத்து மீனவர் என்று முடிவுகட்டுவது அவசரம். இந்தியாவுக்குப் புறப்படும்போதுதான் அவர் கைக்கு ஒரு தொழில் வருகிறது. மற்றவர்கள் தொழிலை விட்டுத் தூதரானார்கள். தோமா தொழிலாளியாகித்தான் தூதராகிறார். தச்சர், கல்வேலை தெரிந்தவர், கூலிக்கு வந்தவர், கூலி கொடுத்தவர் என்ற இந்த நினைவுதான் தோமா மரபின் முதுகெலும்பு. பிற்காலத்தில் பெருமை பேச வந்தவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளினார்கள். இதுவே இன்றைய என் வாதம்.

இதைச் சிவகாசியில் பேசுவதில் எனக்கு ஒரு வசதி உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய கைகளும் பட்டாசு ஆபீஸில் சரம் பின்னிய கைகளும் இந்த அரங்கிலேயே இருக்கும். முன்பணம் என்றால் என்ன, குரோஸ் கணக்கு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1. விலைச்சீட்டு

தோமா இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்லும் மிகப் பழைய நூல் ‘தோமா நடபடிகள்’. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதேசா நகர வட்டாரத்தில், சிரியாக் மொழியில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. திருச்சபை இதை வேதநூலாக ஏற்கவில்லை. இல்லறத்தையே வெறுக்கும் கடுந்துறவு அதில் உண்டு. பேசும் கழுதை உண்டு. மனிதனைக் கடித்த பாம்பு தன் விஷத்தைத் திரும்ப உறிஞ்சும் காட்சியும் உண்டு. வரலாறாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத நூல். ஆனால் நினைவின் ஆவணமாக அதற்கு ஈடில்லை.

கதை இப்படிப் போகிறது. எருசலேமில் சீடர்கள் சீட்டுப்போட்டு உலகைப் பங்கிடுகிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. அவர் போக மறுக்கிறார். உடம்பு முடியாது, எபிரேயனாகிய நான் இந்தியரிடம் என்ன பேசுவேன் என்கிறார். அன்றிரவு இயேசுவே காட்சி தந்து சொல்லியும் மசியவில்லை. இந்திய மன்னனுக்குத் தச்சன் ஒருவனை வாங்கிப்போக வந்த ஹப்பான் என்ற வணிகன் மறுநாள் சந்தையில் நிற்கிறான். இயேசு அவனை அணுகி, “என்னிடம் ஒரு தச்சன் அடிமையாக இருக்கிறான், விற்கிறேன்” என்கிறார். முத்திரை பதிக்காத வெள்ளி மூன்று இராத்தலுக்கு விலை படிகிறது. விலைச்சீட்டு எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஹப்பான் தோமாவிடம் போய், “இவர் உன் எசமானரா?” என்று கேட்கிறான். “ஆம், என் ஆண்டவர்” என்கிறார் தோமா. “அப்படியானால் இவரிடமிருந்து உன்னை வாங்கிவிட்டேன்.” தோமா வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை கையில் எதுவும் இல்லாமல் புறப்படுகிறார். தன்னை விற்ற பணத்தை மட்டும் இயேசு அவரிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறார். கப்பலில் ஹப்பான் விசாரிக்கிறான்: உனக்கு என்ன வேலை தெரியும்? மரத்தில் ஏர், நுகத்தடி, தராசு, கப்பல், துடுப்பு, பாய்மரம். கல்லில் தூண், கோயில், அரண்மனை என்று தோமா வரிசையாகச் சொல்கிறார். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் எந்தத் தொழிலாளியும் சொல்லும் பதில் இது.

பக்தி இலக்கியத்தில் கடவுளுக்கு அடிமை என்பது நமக்குப் பழகிய பேச்சு. இங்கே அது பேச்சோடு நிற்பதில்லை. எடைபோட்ட வெள்ளியும் எழுதிய சீட்டுமாக வருகிறது. விலை வைக்கப்பட்ட மனிதராக ஒரு தூதரைக் காட்ட அந்த நூலாசிரியர் தயங்கவில்லை.

மனிதர் மீது விலை எழுதப்பட்ட வரலாறு இந்த மண்ணுக்கும் உண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் விடியுமுன் ஏறிய காலம் வெகுதூரத்தில் இல்லை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம். சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. இன்று நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் ‘தோமா நடபடிகள்’ நூலின் முதல் பக்கங்களை வாசித்தால், இறையியல் பேராசிரியருக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபடும் என்று நம்புகிறேன்.

2. அரண்மனைக் கணக்கு

ஹப்பானின் மன்னன் பெயர் கோண்டோபர்னஸ். இந்தப் பெயரை வெறுங்கற்பனை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1830களில் சார்லஸ் மேசன் முதலியோர் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் திரட்டிய காசுகளில் அதே பெயர் கிரேக்க எழுத்திலும் கரோஷ்டி எழுத்திலும் இருந்தது. பிறகு பெஷாவருக்கு வடகிழக்கே தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டில் அவனுடைய 26ஆம் ஆட்சியாண்டு, ஒரு சகாப்தத்தின் 103ஆம் ஆண்டோடு இணைத்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான கணக்குப்படி அது கி.பி. 46. மன்னன் உண்மையானவன், காலமும் பொருந்துகிறது. ஆனால் அவன் நாடு தட்சசீலம் சார்ந்த வடமேற்கு. மயிலாப்பூர் என்ற பெயர் அந்த நூலில் எங்கும் இல்லை. காசு கிடைத்ததும் கதை முழுவதும் நிரூபணமாகிவிட்டது என்று துள்ளியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

மன்னன் இடத்தைக் காட்டுகிறான். தோமா ஒரு நாணலை எடுத்துத் தரையில் வரைகிறார்: வெளிச்சத்துக்காகக் கிழக்கே வாசல், காற்றுக்காக மேற்கே சன்னல், தெற்கே அடுப்படி, வடக்கே தண்ணீர்க் குழாய். எல்லோரும் கோடையில் கட்டுவதைக் குளிர்காலத்தில் கட்டுகிறேன் என்கிறார். மன்னன் தவணை தவணையாகப் பணம் அனுப்புகிறான். தோமா ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்கு அதைக் கொடுத்துவிடுகிறார். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று ஆள் வந்து கேட்டால், “அரண்மனை முடிந்தது, கூரைதான் பாக்கி” என்று சொல்லி அனுப்புகிறார். கூரைக்கும் பணம் வருகிறது!

ஒப்பந்தக்காரர் யாராவது இந்த அரங்கில் இருந்தால் இதற்கு மோசடி என்றுதான் பெயர் வைப்பார். நூலாசிரியருக்கும் அது தெரியும். மன்னன் தோமாவைச் சிறையில் போட்டு, தோலை உரித்துக் கொளுத்தலாமா என்று யோசிக்கிறான். அந்த இரவில் மன்னனின் தம்பி காத் இறந்துபோகிறான். விண்ணுலகில் ஓர் அரண்மனையைக் கண்டு யாருடையது என்று விசாரிக்கிறான். உன் அண்ணனுக்கு அந்தக் கிறிஸ்தவன் கட்டியது என்று பதில் வருகிறது. உயிர்பெற்று வந்து, அந்த மாளிகையை எனக்கு விற்றுவிடு என்று அண்ணனிடம் கேட்கிறான்.

பிரசங்கங்களில் இந்தக் கதை தர்மம் செய்தால் மோட்சத்தில் வீடு என்று முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. மன்னன் தன் ஆட்களிடம் விசாரித்தபோது கிடைத்த பதிலைப் பாருங்கள். இவன் ஒன்றும் கட்டவில்லை, நோயாளிகளைக் குணமாக்கிக் காசு வாங்குவதில்லை, ரொட்டியும் உப்பும் தின்று தண்ணீர் குடிக்கிறான், ஒரே உடுப்பு. தொழிலாளியின் ஊர்க்கணக்கு இது. மன்னனின் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே பேரேட்டில் ஏறாது என்பதுதான் கதையின் முடிச்சு.

இதே நூலில் பின்னால் இன்னொரு காட்சி இருக்கிறது. ஏனோ யாரும் பேசுவதில்லை. மிக்தோனியா என்ற பெரிய இடத்துப் பெண் தோமாவைப் பார்க்கப் பல்லக்கில் வருகிறாள். அடிமைகள் கூட்டத்தை நெட்டித் தள்ளி வழி உண்டாக்குகிறார்கள். தோமா முதலில் அவளோடு பேசவில்லை. பல்லக்குச் சுமக்கிறவர்களைப் பார்த்துப் பேசுகிறார். நீங்களும் மனிதர்கள், பேச்சில்லாத விலங்குகளுக்கு ஏற்றுவதுபோல் உங்கள்மேல் சுமை ஏற்றிவிட்டார்கள் என்கிற தொனியில் அந்தப் பேச்சு போகிறது. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய எழுத்து இது.

3. கடலில் போன கடன்பத்திரங்கள்

அக்காலத்து இந்தியக் கடல்வழியைப் பற்றி வெறும் கதை பேசவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸ் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ‘ஹெர்மபோல்லோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு அதன் ஒரு பக்கம். கங்கைப் பகுதி நறுந்தைலமும் யானைத் தந்தமும் அதில் வருகின்றன. மறுபக்கம் கடன் ஒப்பந்தம்: செங்கடல் துறைமுகத்திலிருந்து ஒட்டகக்காரரை அமர்த்தி, பாலைவனம் கடந்து, நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்குச் சரக்கைச் சேர்க்கிறேன் என்று கடன் வாங்கியவர் எழுதிக் கொடுக்கிறார். சீட்டெழுதி ஆளை வாங்கும் ஹப்பான் இந்த உலகத்து ஆள். நூலாசிரியருக்கு இந்தியாவின் ஊர்ப்பெயர்கள் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். இந்திய வணிகம் எப்படி நடந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான ‘பெரிப்ளஸ்’ பாண்டிய நாட்டுக் கொற்கையைச் சொல்லும்போது, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகள்தான் முத்துக் குளித்தார்கள் என்கிறது. முத்தைப் பாடுகிறோம், மூழ்கியவன் தண்டனைக் கைதி என்பதை விட்டுவிடுகிறோம்.

உள்நாட்டிலும் தொழில் இருந்தது. உங்கள் வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை விசயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் வந்தன. சங்கு கடலில் கிடைப்பது. கரையிலிருந்து இத்தனை தூரம் அது வந்தால் அதைக் கொண்டுவர வணிகன் வேண்டும், அறுத்து வளையலாக்கக் கைவேலைக்காரன் வேண்டும். வெம்பக்கோட்டைக்குத் தோமா வந்தார் என்று நாளைக்கே யாரும் சுவரொட்டி ஒட்டிவிடாதீர்கள். வழி இருந்தது என்பது நடந்தவருக்குச் சான்றாகாது. கைத்தொழிலாளிகளும் வணிகர்களும் நிறைந்த நாட்டில் ஒரு தூதரின் கதை தச்சன் வடிவில் பரவியதில் வியப்பில்லை என்பது மட்டுமே என் கருத்து.

4. மயிலாப்பூர்

மயிலாப்பூரைப் பற்றி விரிவாகச் சொல்லும் முதல் வெளிநாட்டவர்களில் ஒருவர் மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் இறுதி. ஒரு சிற்றூர், வணிகர் அதிகம் வராத இடம், ஆனாலும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள் என்கிறார். தூதர் இறந்த இடத்துச் செம்மண்ணைக் காய்ச்சலுக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்களாம். மயில்மேல் எய்த அம்பு தவறிப் பட்டுத் தோமா இறந்தார் என்று அவர் கேட்ட கதை சொல்கிறது. ‘தோமா நடபடிகள்’ சொல்வதுபோல் ஈட்டியால் குத்திக் கொன்ற அரச வீரர்கள் அதில் இல்லை. அம்பு எய்தவனின் குலத்தார் அந்தக் கல்லறை இருக்கும் இடத்தில் நுழையவே முடியாது என்றும் எழுதுகிறார். ஒரு விபத்துக்காக ஒரு குலத்தையே வாசலில் நிறுத்தும் கதை எந்த ஊரில் முளைத்திருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டுமா?

பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துகீசியர் கேட்டு எழுதிய கதைகளில் தச்சர் மீண்டும் வருகிறார். கரையில் ஒதுங்கிய பெருமரம் ஒன்றை அரசனின் ஆட்களாலும் யானைகளாலும் அசைக்க முடியவில்லை. தோமா தன் இடைக்கச்சையைக் கட்டி இழுத்துப் போகிறார். அதை அறுத்துக் கோயில் கட்டுகிறார். வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கும் நேரம் வந்ததும் மணலை அள்ளிப் போடுகிறார், அது அரிசியாகிறது. சிலுவையும் வாளும் சுமந்து வந்த போர்த்துகீசியர் இந்தக் கதையைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மாலையானால் கூலி கையில் விழுமா என்று கவலைப்பட்ட கரையோர மக்கள் சொல்லி, அவர்கள் எழுதியது.

அதன்பின் எல்லாம் மாறுகிறது. 1523இல் கல்லறையைத் தோண்டினார்கள். 1547இல் பரங்கிமலையில் பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. 1893க்கும் 1896க்கும் இடையே இன்றைய சாந்தோம் கோயில் கோத்திக் பாணியில் எழும்பியது. 1956இல் அதற்குப் பசிலிக்கா தகுதி கிடைத்தது. ஐரோப்பிய ஓவியங்களில் தோமாவின் அடையாளம் தச்சரின் மூலைமட்டம். கட்டடக் கலைஞர்களுக்கு அவர் காவலர். நம் ஊர்ப் படங்களிலோ ஈட்டிதான் முன்னால் நிற்கிறது. கொன்ற ஆயுதம் நிலைத்தது, பிழைக்க வைத்த கருவி காணாமல் போனது.

எலும்புகளின் கதையிலும் வணிகர் வருகிறார். அவற்றை இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் எதேசாவுக்கு எடுத்துவந்ததாக நான்காம் நூற்றாண்டிலேயே சிரியாக் கவிஞர் எப்ரேம் பாடுகிறார். அங்கிருந்து கியோஸ் தீவு, 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனா. வணிகர் கொண்டுவந்த ஆளை வணிகரே திரும்ப எடுத்துப் போயிருக்கிறார்.

5. குலப்பெருமை

மேற்குக் கரையில் நடந்தது வேறு. தோமா மதம் மாற்றியது நம்பூதிரிக் குடும்பங்களை என்று கேரளத்தில் ஒரு மரபு வலுவாக நிலைத்தது. முதல் நூற்றாண்டுக் கேரளத்தில் நம்பூதிரிக் குடியேற்றத்துக்குச் சான்று இல்லை என்று வரலாற்றாளர்கள் பலமுறை சொல்லியாயிற்று. விலைக்கு வாங்கப்பட்ட தச்சனின் பெயரால் உயர்குலம் கொண்டாடுவது எனக்குப் பெரிய முரணாகப்படுகிறது. மார்க்கங்களி என்ற ஆட்டப்பாட்டைப் பாடுகிற கேரளக் கிறிஸ்தவர்கள் மட்டும் தோமா அரண்மனை கட்டிய கதையை இன்றும் விடாமல் பாடுகிறார்கள் என்பது ஆறுதல்.

கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் இன்னும் சங்கடமானவை. அவற்றில் தோமா பெயர் இல்லை. சேரன் தாணு இரவியின் ஐந்தாம் ஆண்டில் வேணாட்டு அய்யன் அடிகள் திருவடிகள், மருவான் சபீர் ஈசோ கட்டிய பள்ளிக்குக் கொடுத்த உரிமைகள் அவை. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்கள் காவல். சாட்சிகள் அரபு எழுத்திலும் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். இதை மதநல்லிணக்கத்தின் சின்னம் என்று மேடைகளில் காட்டுகிறோம், நியாயம்தான். கொடையின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாசிப்போமா? மனிதர்கள் இருக்கிறார்கள். ஈழவர், வண்ணார், தச்சர், வெள்ளாளர் குடிகள் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறார்கள். மரமேறுகிறவர்கள்மேல் விழுந்த ஏணிக்காணம், தளைக்காணம் போன்ற வரிகள் இனி அரசனுக்கு இல்லை என்கிறது பட்டயம். பனையேற்றக் குடும்பங்களின் வரலாறு தெரிந்த விருதுநகர் வட்டாரத்தில் இந்த வரிகளை விளக்கவே வேண்டாம். ஏறினவரின் சுமை குறைந்ததா, அல்லது வரி வாங்கும் கை மட்டும் மாறியதா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தச்சரை ஒரு காலத்தில் வாங்கினார்கள். அவர் வழியில் வந்தோம் என்ற சபைகள் வளர்ந்த கரையில் தச்சர் குடியைத் தானமாகப் பெற்றார்கள்.

6. சிவகாசியின் தோமா

கடைசியாக உங்கள் ஊர், இங்கே தோமாவின் பெயரையே தாங்கி வந்த ஒரு மிஷனரி. தாமஸ் கஜேட்டன் ராக்லண்ட், 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். 1841இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம். சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷன் சங்கத்தின் செயலராகச் சென்னையில் மேசையில் உட்கார்ந்தவர், 1854இல் அதை விட்டு வடதிருநெல்வேலிக்கு வந்து, டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் இருவரோடு கூடாரம் மாற்றி மாற்றி இந்தக் கரிசல் ஊர்களைச் சுற்றினார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தார். வடதிருநெல்வேலியின் அப்போஸ்தலர் என்று அவரைச் சொல்வதுண்டு. 1922இல் ஏமி கார்மைக்கேல் அவர் வாழ்க்கையை எழுதினார். ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததும் ஏறக்குறைய அதே காலம்.

ராக்லண்டின் தியாகத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவர் வாழ்க்கை எழுதப்பட்ட விதத்தில் துறவு இருக்கிறது, ஜெபம் இருக்கிறது, கூடாரம் இருக்கிறது. கூடாரத்தைச் சுமந்தவர்கள் இல்லை. வண்டி ஓட்டியவர், சமையல் செய்தவர், முன்னால் நடந்து ஊர்க்காரரிடம் பேசிய உபதேசியார், இவர்களுக்கு என்ன சம்பளம், யார் கொடுத்தது, எத்தனை மாதம் பாக்கி? மிஷன் சங்கங்கள் கணக்கில் கறாரானவை. பயணச் செலவையும் உபதேசியார் சம்பளத்தையும் எழுதாமல் விடமாட்டார்கள். சாட்சியாபுரம் முதலான பழைய சபைகளில் ஊழியரின் வழிவந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எனவே அறக்கட்டளைக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு என்னைப் போல் ஒருவரை அழைத்து மாலை போடும் செலவில், ஆய்வு மாணவர் இருவரை அனுப்பி அந்தக் கணக்கேடுகளைப் படியெடுக்கச் சொல்லுங்கள். வீடுகளில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டுகளையும் தீப்பெட்டி ஆபீஸ் முன்பண நோட்டுகளையும் சேர்த்தே திரட்டட்டும். இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவ வரலாற்றின் பாதி அந்த நோட்டுகளில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.